அப்பாசாமி சாருக்குத் தெரிகிற எண்

"இன்னாம்மா இது, எறும்புக்கு எழுதி வெச்சா மாதிரி கீது?" பாட்மிண்டன் கோர்ட்டின் மறுகோடியிலிருந்து அப்பாசாமி சார் கத்தினார்.

கோதை தன் ரோபோவின் முதுகில் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்துக்கொண்டாள். "ரூல்ஸ்ல சைஸே போடலியே சார்."

"ஓட்றவன் முதுகுல நம்பரு தெரியலன்னா யாரு ஜெயிச்சான்னு எப்டி சொல்றது?"

"இது ஓடாது சார். மெதுவா நகரும், அவ்ளோதான்."

"அப்ப நம்பரயாவது பெருசா போடு. போ, போ. அடுத்த ஆளு!"

படூரில் அந்தப் பொறியியல் கல்லூரி முதன்முதலாக ரோபோ போட்டி நடத்திய 2003ஆம் ஆண்டு அது. விதிமுறைத் தாளில் அடையாளப் பலகை பற்றி ஒரே வரிதான் இருந்தது: எண் தெளிவாகத் தெரிய வேண்டும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்திலிருந்து, யார் கண்ணுக்கு என்று ஒன்றும் இல்லை. ஒரு குழு எண்ணை ரோபோவின் அடிவயிற்றில் ஒட்டியிருந்தது. இன்னொரு குழு சக்கரத்திலேயே எழுதிவிட்டது. அரைச் சுற்று சுற்றினால் ஆறு ஒன்பதாகிவிடும். துறைத்தலைவர் தலையைச் சொறிந்துவிட்டு, விளையாட்டு விழாவில் செஸ்ட் நம்பர் பார்க்கிறவராயிற்றே என்று பி.டி. மாஸ்டர் அப்பாசாமி சாரை ஆய்வாளர் ஆக்கினார்.

சார் கருங்குழியிலிருந்து பஸ் மாறி வருவார். கான்வாஸ் ஷூவில் சாக்பீஸ் தேய்த்திருப்பார். ஆண்டு முழுவதும் அவரைத் தேடி வருகிறவர்கள் பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப் கேட்டுத்தான் வருவார்கள். போட்டி நாளில் மட்டும் மொடமொடவென்று இஸ்திரி போட்ட சட்டை. அதில் 'ஆய்வாளர்' என்று ரிப்பன் பேட்ஜ். "பேட்ஜு நேரா கீதா, பாரு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்பார். ரோபோ ஒரு கோடியில், அவர் மறுகோடியில். எண்ணை அவர் உரக்கச் சொன்னால் பாஸ். "என் கண்ணுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி."

அடுத்தடுத்த ஆண்டுகளில் கோதை பதிவு மேசைக்கு மாறினாள். சால்டரிங் புகை, பழைய வைப்பர் மோட்டாரின் முனகல், கதவைத் திறந்தால் கோவளம் பக்கமிருந்து வரும் உப்புக் காற்று எல்லாம் அப்படியேதான் இருந்தன. பலகைகள் மட்டும் வளர்ந்தன. "இந்தத் தடவ உள்ளங்கை சைஸாம்டா." "இல்ல மச்சான், நோட்டு சைஸாம்." தாளில் இல்லாத விதியைச் சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். சாரும் கோர்ட்டின் கோடியை விட்டு முன்னால் வந்துகொண்டிருந்தார். சலுகை காட்டுகிறார் என்றார்கள். கோதை மேசையிலிருந்து இரண்டையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

2006இல் சார் வலையருகே வந்துவிட்டார். கூடுவாஞ்சேரியிலிருந்து மானசா என்ற முதலாண்டுப் பெண் வந்திருந்தாள். அவள் பலகையின் எண்ணை, கோர்ட்டையும் தாண்டி வாசலில் நின்றே கோதையால் படிக்க முடிந்தது. சார் வலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் கண்களைச் சுருக்கினார். "பத்தலம்மா. பெருசா போடு."

மானசா ஓடிப்போய், வண்டி நம்பர் பிளேட் எழுதும் கடையில் ஓர் இரும்புத் தகட்டில் எண்ணை எழுதி வாங்கி வந்தாள். பாஸ். ஆனால் ஒத்திகை ஓட்டத்தில் சரிவுப் பலகையில் ஏறிய ரோபோ, தகட்டின் கனத்தில் முகம் குப்புறக் கவிழ்ந்தது.

"வண்டிய வுட பிளேட்டு வெயிட்டுடா!"

"ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு அனுப்பு மச்சான்!"

அரங்கமே சிரித்தது. மானசா தரையில் உட்கார்ந்து கழன்ற சக்கரத்தை மாட்டப் பார்த்தாள். மதியம் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓட்டம். சார் சிரிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் அவர் பதிவு மேசைக்கு வந்தார்.

"அந்தப் பொண்ணு மொதல்ல வெச்சிருந்துச்சே, அந்த நம்பரு உனக்குத் தெரிஞ்சிதாம்மா?"

"தெரிஞ்சுது சார்."

"எங்கேர்ந்து?"

கோதை தயங்கினாள். "வாசல்லேர்ந்து சார்."

அவர் திரும்பி, வாசலுக்கும் வலைக்கும் இடையே உள்ள தூரத்தைப் பார்த்தார்.

"அந்த இரும்ப கழட்டிட்டு பழச மாட்டிக்கச் சொல்லு" என்றார். பிறகு மேசைமேல் குனிந்தார். "ஹெச்.ஓ.டி.கிட்ட சொல்லிடாத. இனிமே நீ எம் பக்கத்துல நின்னுக்கோ. நம்பர எனக்கு மட்டும் கேக்கறாப்ல சொல்லும்மா. நான் சத்தமா சொல்லிக்கிறேன்."