ஜெயரூபி கைவிட்ட சாட்டு

ஜெயரூபிக்கு வாசிக்கத் தெரியாது என்பது வட்டக்கச்சியில் ஒருவருக்கும் பெரிய விஷயமாக இருக்கவில்லை. "சண்டைக்குள்ள எங்க படிச்சது?" என்று அவள் சொல்லுவாள். கேட்டவர் "ஓம், பாவம்" என்று தலையாட்டிவிட்டுப் போவார். வன்னியில் அந்தப் பதிலுக்கு மேல் யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

கேட்டிருந்தால் அவளுடைய தங்கை யதுர்ஷிகாவின் கதை வந்திருக்கும். கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் மரத்துக்குக் கீழே படித்த காலத்தில் இருவரும் ஒரே பாயில்தான் இருந்தார்கள். கடைசிச் சண்டையில் ஒரே பங்கருக்குள்தான் படுத்தார்கள். தங்கை அகதி முகாமுக்குள் இருந்தே சாதாரண தரப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, இன்றைக்குக் கந்தோரில் கதிரை போட்டு இருந்து உத்தியோகம் பார்க்கிறாள். அவளுக்கும் அதே ஷெல் அடிதான். நாங்கள் யாரும் இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

ஜெயரூபியின் மகள் தனுஷா நாலாம் வகுப்பு. வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஒரு தடவை காதால் கேட்ட பாடத்தை அப்படியே ஒப்புவிப்பாள். புத்தகத்தை விரித்தால் மட்டும் ஊமை. தகப்பன் செந்தூரன் உழவு மெஷின் ஓட்டிக் களைத்து வந்து, வேலியில் கிளுவங்கம்பு முறித்துக்கொண்டு அவளைப் பக்கத்தில் இருத்துவான்.

"எங்களுக்குத்தான் சண்டை. உனக்கு என்னடி? சோறு இருக்கு, சப்பாத்து இருக்கு, கரண்ட் இருக்கு. ஏன் ஏறுதில்லை?"

அடி விழும் சத்தம் பக்கத்து வளவில் என் குசினி அடுப்படி வரைக்கும் கேட்கும். செந்தூரன் கெட்டவன் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்டவன் என்றால் நாலு வார்த்தை நாறக் கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

அடுத்த வருஷம் அஞ்சாம் வகுப்பு, புலமைப்பரிசில் சோதனை. இப்படியே போனால் பிள்ளையை விசேட கல்வி அறையில் விடவேண்டி வரும் என்று அதிபர் சொல்லி அனுப்பினார். பெயர்தான் பெரிது. அது பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்துப் பழைய ஸ்ரோர் ரூம். படிப்பிக்க ஆள் இல்லை. உள்ளே போன பிள்ளைகள் நாள் முழுக்க நிறம் தீட்டுவார்கள், மணி அடித்ததும் வீட்டுக்கு வருவார்கள். அங்கிருந்து வகுப்புக்குத் திரும்பிப் போன ஒரு பிள்ளையை நான் கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் ஒரு பயிற்சி வைத்தார்கள். கற்றலில் இடர்படும் பிள்ளைகளுக்கு எப்படி உதவுவது என்று ஆசிரியர்களுக்கும் தாய் தகப்பனுக்கும் சேர்த்து. கூட்டத்துக்கு ஆள் காணாது என்று, பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துபோன என்னையும் கூப்பிட்டார்கள். மத்தியானம் சாப்பாட்டுப் பார்சல் என்றதால் நானும் போனேன்.

வவுனியாவிலிருந்து வந்த கௌசலா மிஸ் நன்றாகத்தான் சொன்னா. சில பிள்ளைகளுக்கு எழுத்துப் பிடிபடாது. அது சோம்பலும் இல்லை, மொக்குத்தனமும் இல்லை. அடித்து வராது. வாசித்துக் காட்டுங்கோ, வாயால் கேளுங்கோ, கூட நேரம் குடுங்கோ, வகுப்பை விட்டு மட்டும் எடுக்காதேங்கோ என்றா. முன்வரிசையில் இருந்த அதிபர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் பார்சலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெயரூபி தன் பார்சலைப் பிரிக்கவே இல்லை.

திரும்பி வரும்போது அவள் சைக்கிளில் ஏறாமல் உருட்டிக்கொண்டே வந்தாள்.

"கமலாக்கா, அந்த மிஸ் சொன்னது தனுஷாவை மட்டுமில்லை. என்னையும்தான்."

"விசர்க்கதை கதையாதை. நீ சண்டைக்குள்ள..."

"தங்கச்சியும் அதுக்குள்ளதானே இருந்தவள்?"

எனக்குச் சுரீர் என்றது. அவள் விடவில்லை.

"எனக்குச் சாட்டுச் சொல்லச் சண்டை இருந்தது அக்கா. என்ர பிள்ளைக்கு என்ன இருக்கு?"

அடுத்த கிழமை அதிபரிடம் போனோம். செந்தூரனையும் கூட்டிக்கொண்டு, துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். பயிற்சிச் சான்றிதழ் அதற்குள் கண்ணாடி போட்டு அதிபரின் தலைக்கு மேல் தொங்கியது. இருக்கச் சொல்லியும் ஜெயரூபி இருக்கவில்லை.

"சேர், நான் சண்டையால படிக்காமல் விட்டனான் இல்லை. ரீச்சர்மார் மரத்துக்குக் கீழ வைச்சு நல்லாத்தான் படிப்பிச்சவை. எனக்கு எழுத்து நிக்கேல்ல. இவளுக்கும் அப்பிடித்தான். பிள்ளை சோம்பேறி இல்லை, சேர். வகுப்பை விட்டு எடுக்காதேங்கோ."

செந்தூரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே பாவம் பார்த்துக் கொடுத்திருந்த அந்தச் சண்டைச் சாட்டு இல்லை என்று, புருஷனுக்கு முன்னால் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அதிபர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எவ்வளவோ நல்லது. அன்பாகச் சிரித்தார்.

"அப்ப இது பரம்பரையா வாறது, அம்மா. முதலே சொல்லியிருந்தா நாங்களும் பிள்ளையை இவ்வளவு வருத்தியிருக்க மாட்டம். அந்த அறையில போய் நிம்மதியா இருக்கட்டும்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "வகுப்பை விட்டு எடுக்க வேண்டாம் எண்டெல்லோ அந்த மிஸ் சொன்னவா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பயிற்சியில சொல்லுறது, அம்மா. இஞ்ச எனக்குப் புலமைப்பரிசில் ரிசல்ட்டும் காட்ட வேணும்."

புது வருஷத்தில் தனுஷா ஸ்ரோர் ரூமுக்குப் போனாள். செந்தூரன் இப்போது கம்பைத் தொடுவதில்லை. வேலையால் வந்து மகளுடைய தலையைத் தடவிவிட்டு ரீவியைப் போடுகிறான். திருந்திவிட்டான் என்று அயலெல்லாம் மெச்சுகிறது. எனக்கு அந்த வீட்டின் அமைதியைக் கேட்கவே பிடிக்கவில்லை.

போன கிழமை ஜெயரூபி என் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றாள். தனுஷா தான் நிறம் தீட்டிய மயிலைக் கொண்டுவந்து எனக்குக் காட்டினாள். நல்ல மயில்தான், ஒரு குறை சொல்ல முடியாது.

"அன்ரி, அப்பா இப்ப அடிக்கிறேல்ல. புத்தகத்தை எடு எண்டும் சொல்லுறேல்ல," என்றாள். "அப்ப நான் படிச்சு முடிச்சிட்டனோ?"

நான் ஜெயரூபியைப் பார்த்தேன். அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"நான் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம் அக்கா," என்றாள். "அடிச்சுக்கொண்டிருந்த வரைக்கும் பிள்ளை படிக்கும் எண்டு அவர் நம்பினவர்."