டெல்பர்ட்டின் வெட்டுப்படாத சட்டை

டெல்பர்ட் ஹாக்கன்பெரிக்கு வயது நாற்பத்தாறு. மனைவி ஒருத்தி, மகள்கள் இருவர், குறி தவறிய மான்கள் ஒன்பது. வடக்குப் பென்சில்வேனியாவில் எங்கள் மலைப்பக்கம் யாரைக் கேட்டாலும் மகள்களின் எண்ணிக்கையில் தடுமாறுவார்கள். மான்களின் எண்ணிக்கையில் தடுமாற மாட்டார்கள்.

காரணம், அது சுவரில் ஆணியடித்து வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் வேட்டைக் குடிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். மானைப் பார்த்துச் சுட்டுத் தவறவிட்டவன் அன்று சாயங்காலம் திரும்பி நிற்க வேண்டும். சட்டையின் பின்வாலைக் கத்திரியால் வெட்டி, பெயரும் வருடமும் எழுதி, அடுப்புக்கு மேலே அறைவோம். என் துணியும் அங்கே இரண்டு உண்டு, மறைப்பானேன். டெல்பர்ட்டுடையது ஒன்பது. குடிலின் தலைவன் ஸ்டாஷ், இன்னும் மூன்று வருடம் பொறுத்தால் அதை வைத்தே ஒரு போர்வை தைத்துவிடலாம் என்று விருந்தாளிகளிடம் சொல்வான்.

தவறு டெல்பர்ட்டுடையது என்று டெல்பர்ட் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. முதல் வருடம் கண்ணில் வெயில் அடித்தது. அடுத்த வருடம் ரைபிளின் தொலைநோக்கியில் பனி படிந்தது. அதற்கடுத்த வருடம் குழலே கோணலாம். ஒவ்வொரு தடவையும் ரைபிளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு இன்னொன்று வாங்குவான். அதுவும் அடுத்த நவம்பருக்குள் கோணலாகிவிடும்.

இத்தனைக்கும் வீட்டிலேயே ஒரு ரைபிள் இருந்தது. அவன் மனைவி வெர்னாவுக்கு அவள் அப்பா விட்டுப்போனது. தொலைநோக்கி கிடையாது, அடிக்கட்டை தேய்ந்து வழவழவென்றிருக்கும். அந்த மனிதர் அதை வைத்து முப்பத்திரண்டு மான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார், அதில் இரண்டு வெர்னா பள்ளிக்கூடத்துப் பெண்ணாக இருந்தபோது சுட்டது. டெல்பர்ட் அதைத் தொட்டதில்லை. "அது கண்காட்சியில வைக்க வேண்டிய சாமான்" என்பான். உண்மை வேறு. முப்பத்திரண்டு மான் விழுந்த துப்பாக்கியைக் கோணல் என்று சொன்னால் ஊர் சிரிக்கும். அதை எடுத்துக்கொண்டு போய்த் தவறவிட்டால் பழி போட ஆள் இல்லை.

இந்த வருடம் விளையாட்டாகப் போகவில்லை. டெல்பர்ட் வேலை பார்த்த ஆலையில் ஆகஸ்டிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. நிலவறையில் பெட்டி மாதிரிப் பெரிய ஃப்ரீசர் ஒன்று உண்டு. நவம்பர் பாதியில் அதைத் திறந்து பார்த்தால் இரண்டு ரொட்டி, ஒரு பை பட்டாணி, அப்புறம் ஐஸ்.

"இந்தத் தடவை கறி வந்தே ஆகணும் டெல்பர்ட்," என்றாள் வெர்னா. "ஏப்ரல் வரைக்கும் பிள்ளைங்களுக்கு அவரைக்காய் மட்டும் போட்டா, அதுங்க என்னைத் தின்னுடும். போன ரைபிளை வித்த காசோட இந்த நூறையும் வச்சுக்கோ. உருப்படியா ஒண்ணு வாங்கு. இல்லன்னா அப்பாவோடதை எடுத்துட்டுப் போ."

"அதெல்லாம் பழசு."

"நானும்தான் பழசு. சோறு போடலையா?"

சனிக்கிழமை டெல்பர்ட் ஹார்லன் பிக்கெலின் கடைக்குப் போனான். தூண்டில் புழுவிலிருந்து துப்பாக்கி வரை விற்கிற கடை. ஹார்லன் அவனைக் கண்டதும் கேட்காமலே ஒரு பழைய ரைபிளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

"பாரு, தொலைநோக்கியோட முந்நூறு டாலர். இருநூறு தப்படியில மூக்கைச் சொறிஞ்சுக்கிற மானை மூக்கிலயே அடிக்கலாம். குண்டும் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். உன் காசுக்கு இதைவிட உருப்படியா ஒண்ணும் இல்ல."

டெல்பர்ட்டின் கண் அதன்மேல் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நீளக் குழலோடு ஒரு பெரிய ரிவால்வர் படுத்திருந்தது.

"அது எவ்வளவு?"

"முந்நூத்தம்பது. உனக்கு எதுக்கு அது?"

"மானுக்கு."

ஹார்லன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "டெல்பர்ட், கேளு. கைத்துப்பாக்கியில மான் அடிக்கிறவன் வருஷம் பூரா சுட்டுப் பழகினவன். அவனுக்கே அம்பது தப்படிக்கு மேல போனா கை நடுங்கும். காசு இருக்கிறவன் ஆசைக்கு வாங்கற சாமான் அது. கையில காசு கம்மின்னா ரைபிள்தான். கண்ணை மூடிக்கிட்டு ரைபிள்."

டெல்பர்ட் ஆலையின் மதிய உணவு வேளைகளில் இதையெல்லாம் யோசித்து வைத்திருந்தான். "நீ விலையை மட்டும் பாக்கற. ரைபிள்னா வார் வேணும், உறை வேணும், தொலைநோக்கிக்கு மூடி வேணும். இதுக்கு இடுப்புல ஒரு உறை, முடிஞ்சுது. தூக்கிட்டு மலை ஏற வேண்டாம், முதுகுவலி வராது, வைத்தியச் செலவு மிச்சம்."

"சுட்டுப் பழகக் குண்டு? ஒரு பெட்டி என்ன விலைன்னு தெரியுமா?"

"அதனாலதான் நான் பழகப் போறதில்ல," என்றான் டெல்பர்ட். "அதுவும் மிச்சம்."

ஹார்லன் பெட்டியைத் திறந்து ரிவால்வரை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டான். அவன் கடைக்காரன்தானே, பாதிரியார் இல்லை.

ஆனால் டெல்பர்ட் முட்டாளும் இல்லை. எங்கள் சட்டத்தில் ஒரு சந்து இருப்பதை ஒன்பது சட்டை போனபிறகு அவன் கண்டுபிடித்திருந்தான். சுட்டுத் தவறினால்தான் வெட்டு. சுடாதவன் சட்டைக்கு ஒன்றும் ஆகாது. ரைபிளைக் கையில் வைத்துக்கொண்டு சுடாமல் வந்தால் ஏன் என்று கேட்பார்கள். ரிவால்வர் வைத்திருப்பவன் "ரொம்ப தூரம்பா" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கலாம். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. தனக்கேகூட முழுசாகச் சொல்லிக்கொள்ளவில்லை. முதுகுவலி, உறை, வைத்தியச் செலவு என்று சுற்றி வளைத்து அங்கே வந்து சேர்ந்திருந்தான், அவ்வளவுதான்.

வெர்னா ரிவால்வரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மான் கிட்ட வந்து உன்கிட்ட அனுமதி கேட்டுட்டு நிக்குமா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ஹார்லன் கடைக்குப் போய்த் தன் பெயரில் ஒரு வேட்டை உரிமம் வாங்கி வந்து, மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். டெல்பர்ட் அதைக் கவனிக்கவில்லை.

நவம்பர் கடைசியில் நன்றி கூறும் பண்டிகை விருந்து முடிந்த திங்கட்கிழமை, வேட்டையின் முதல் நாள். பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. இரவெல்லாம் பெய்த பனி விடியும்போது நின்றிருந்தது. டெல்பர்ட் ஆரஞ்சு நிற மேலங்கி போட்டுக்கொண்டு, கருவாலி மரத்தில் ஏணி சாய்த்த தன் பரணில் ஏறி உட்கார்ந்தான். எட்டு மணிக்கு எதிர்ச்சரிவில் இரண்டு மான் போயின. ரொம்ப தூரம். டெல்பர்ட் நிம்மதியாக ஒரு சாண்ட்விச் சாப்பிட்டான். பத்து வருடத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவன் வேட்டையாடியதே இல்லை.

ஒன்பதரை மணிக்கு அது வந்தது. நல்ல கொம்பு மான். எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை, பார்த்தபோது பரணுக்கு நேர் எதிரே நின்றது. பனியைக் காலால் பறித்துக் கருவாலிக் கொட்டை தின்றது. பக்கத்திலிருந்த இளமரத்தில் கொம்பைத் தேய்த்தது. அதன் மூச்சு புகையாக வருவதை டெல்பர்ட்டால் பார்க்க முடிந்தது. வாலைத் தூக்கி, நின்று நிதானமாகப் புழுக்கையும் போட்டது.

டெல்பர்ட் ரிவால்வரை எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்தான். குழலின் நுனி மானின் தோளிலிருந்து பின்தொடைக்கும், பின்தொடையிலிருந்து தோளுக்கும் போய்வந்தது. ஃப்ரீசர் நினைவுக்கு வந்தது, பட்டாணிப் பை நினைவுக்கு வந்தது. அப்புறம் பத்தாவது துணி நினைவுக்கு வந்தது. இவ்வளவு கிட்டத்தில் தவறவிட்டால் என்ன சொல்வது? வெயில் இல்லை. தொலைநோக்கி இல்லை. குழல் கோணல் என்ற சாக்கு இந்தத் தூரத்துக்குச் செல்லாது. அது பயம், வெறும் பயம். மான் அவனுக்குப் போதுமான அவகாசம் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தன் வழியே நடந்தது.

பதினோரு மணிக்கு ஸ்டாஷ் அந்தப் பக்கம் வந்தான். "ஏதாவது வந்துச்சா?"

"வந்துச்சு. ரொம்ப தூரம்பா."

ஸ்டாஷ் தலையாட்டினான். பிறகு கீழே பார்த்தான். பனியை டெல்பர்ட் மறந்துபோயிருந்தான். அது எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தது. குளம்புத் தடம், பறித்த மண், கொம்பு உரசி உதிர்ந்த மரப்பட்டைத் தூள், எல்லாவற்றுக்கும் நடுவில் புழுக்கை. ஸ்டாஷ் பரணடியிலிருந்து ஒவ்வொரு காலாக வைத்து வாய்விட்டு எண்ணிக்கொண்டே போனான்.

"பதினாறு," என்றான். "பதினாறு தப்படி, டெல்பர்ட். இதுக்குத் துப்பாக்கியே வேண்டாம்டா. பூட்ஸைக் கழட்டி எறிஞ்சிருக்கலாம்."

மதியச் சாப்பாட்டுக்கு வெர்னா முட்டைக்கோஸ் நூடுல்ஸ் ஒரு அண்டா கொண்டுவந்தபோது குடிலே சிரித்துக் கொண்டிருந்தது. ஸ்டாஷ் அவளிடமும் சொன்னான். அவள் சிரிக்கவில்லை.

"எத்தனை தப்படி?"

"பதினாறு."

டெல்பர்ட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ரிவால்வர்ல அதுவே தூரம்தான் வெர்னா. காத்து வேற."

"நாளைக்கு உன் பரண் எனக்கு வேணும்," என்றாள் வெர்னா. "பிள்ளைங்களை ஸ்கூல் பஸ் ஏத்திட்டு வர்றேன்." அண்டாவை விட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் குடிலுக்குப் பெண்கள் சாப்பாடு கொண்டு வருவார்கள், துப்பாக்கி கொண்டு வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை அவள் அப்பாவின் ரைபிளோடு வந்து இறங்கியபோது எல்லோரும் காப்பிக் குவளையோடு வாசலுக்கு வந்து பார்த்தோம். டெல்பர்ட்டை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். பத்து மணிக்கு ஒரு வெடி கேட்டது.

"அது அவங்க அப்பா துப்பாக்கிச் சத்தம்," என்றான் ஸ்டாஷ். "எங்க கேட்டாலும் சொல்லிடுவேன். மான் விழுந்தாச்சு."

விழவில்லை. அரை மணி கழித்து வெர்னா வெறுங்கையோடு உள்ளே வந்தாள். டெல்பர்ட்டின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். அவனுக்கு அது கட்டுப்படவில்லை, பாவம்.

"கிளையில பட்டிருக்கும்," என்றான் ஆதரவாக. "இல்லன்னா அந்தக் குழல் பழசு..."

"குழல் நல்லாத்தான் இருக்கு. நான் அவசரப்பட்டேன். குண்டு மேல போயிடுச்சு." மேலங்கியைக் கழற்றினாள், கால்சட்டைக்குள்ளிருந்து சட்டையை வெளியே இழுத்தாள், திரும்பி நின்றாள். "கத்திரி எங்க?"

ஸ்டாஷ் தயங்கினான். "நீ ஒண்ணும் இந்தக் குடில் ஆள் இல்லையே, வெர்னா."

"சுட்டேன், தப்பிடுச்சு. வெட்டு. எனக்கு நேரமில்ல, மூணரைக்கு பிள்ளைங்க வந்துடும்."

ஸ்டாஷ் வெட்டினான். மரியாதைக்காகச் சின்னதாக வெட்டப் பார்த்தான், அவள் "முழுசா" என்றாள். அவனே பெயர் எழுதி, டெல்பர்ட்டின் ஒன்பதுக்குப் பக்கத்தில் அறைந்தான். அவள் ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபடி போனாள். ஒரு மணிக்கு இரண்டாவது வெடி கேட்டது. மூன்றாவது கேட்கவில்லை.

கொம்பு சின்னதுதான், ஆனால் கொழுத்த மான். டெல்பர்ட்டும் ஸ்டாஷும் அதைக் குடில் வாசல் வரை பனியில் இழுத்து வந்தார்கள். ஏப்ரல் வரை தாராளமாக வரும். வெர்னா வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள். யாரும் டெல்பர்ட்டைக் கேலி செய்யவில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

அவன் மேலங்கியைக் கழற்றினான். சட்டையை வெளியே இழுத்துவிட்டான். "ஸ்டாஷ், எனக்கும் வெட்டிடு."

ஸ்டாஷ் வெர்னாவைப் பார்த்தான்.

"எதுக்கு?" என்றாள் அவள்.

"நேத்து... பதினாறு தப்படி. பயந்துட்டேன்."

"சுட்டியா?"

"இல்ல."

"அப்புறம் என்ன வெட்டு? அது சுட்டவங்களுக்கு." குரலில் கோபமில்லை. கோபமிருந்தாலாவது அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நல்ல சட்டையை வீணாக்காதே. உள்ள செருகிட்டுப் பின்னங்காலைப் பிடி, வண்டியில ஏத்தணும்."

அவள் முன்னங்கால்களைப் பிடித்துத் தூக்கினாள். மேலங்கி இல்லாமல் முதுகுப்பக்கம் சட்டை வெட்டுப்பட்டுத் தொங்கியது, குளிரில் இடுப்பு சிவந்திருந்தது. டெல்பர்ட் முழுச் சட்டையை ஒழுங்காக உள்ளே செருகிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான்.