போபோடி காப்பகத்தில் வாசிக்கப்பட்ட அறிக்கை

மாலை ஐந்தே முக்காலுக்கு பூனேயின் ஔந்திலிருந்து கிளம்பினேன். போபோடி நான்கு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். அரசுத் திட்டங்களை ஆய்வு செய்து அறிக்கை எழுதுவது கோயம்புத்தூரில் என் பிழைப்பு. விடுமுறைக்குத் தங்கை வீட்டுக்கு வந்தவள் இங்கேயும் ஓர் அறிக்கையைத் தேடிப் போகிறாளே என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

தேடிப் போனது ஸ்டெல்லாக்காவுக்காக. தங்கைக்கு சர்ச்சில் பழக்கம். பூனேயிலேயே பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளுக்காக மாநகராட்சி நடத்தும் காப்பகம் அவர் பொறுப்பில் இருக்கிறது. பாதித் தொட்டில்கள் காலி என்று ஆய்வறிக்கை சொல்லிவிட்டது. மூடுவதா வேண்டாமா என்று அன்று முடிவாகும்.

"ஜல்தி வாங்க. சாஹேப் வந்துட்டாரு." என்று வாசலிலேயே இழுத்துக்கொண்டு போனார்.

வார்டு அதிகாரி தரை விரிப்பில் சம்மணமிட்டிருந்தார். திட்டம் யாருக்கானதோ அவர்கள் முன்னால் அறிக்கையை வரிவரியாக மராத்தியில் வாசிப்பது அவர் வழக்கமாம். சரியென்றால் பெண்கள் 'பரோபர்' என்கிறார்கள், தப்பென்றால் 'நாஹி'. ஸ்டெல்லாக்கா எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். சுத்தம்? பரோபர். சாப்பாடு? பரோபர், உப்பு மட்டும் குறைவு. ஸ்டெல்லாக்கா முறைத்தார்; எல்லோரும் சிரித்தார்கள்.

'இப்பகுதியில் குழந்தைகளைக் காப்பகத்தில் விடுவதில் ஆர்வம் குறைவு' என்று வாசித்ததும் அறை முழுக்க நாஹி. வாசலில் கைக்குழந்தையோடு நின்ற, தொழிற்சாலைச் சீருடை அணிந்த பெண் படபடவென்று பேசினாள்.

"நாம அஞ்சுக்கு மூடுதோம், இவளுக்கு ஃபேக்டரி விடுததே அஞ்சரைக்கு. பின்ன எப்படிப் பிள்ளைய விடுவேன்னு கேக்கா" என்றார் ஸ்டெல்லாக்கா.

ஏழு வரை திறந்திருந்தால்? அதிகாரி கேட்டதும் வாசலுக்கு வெளியிலும் கைகள் உயர்ந்தன. அறிக்கையின் ஓரத்தில் எழுதி, உரக்கப் படித்தார்: மூட வேண்டாம், நேரத்தை மாற்றவும், ஆறு மாதத்தில் மறுபடி ஆய்வு. ஏழுவரை இருப்பது யார் என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் ஸ்டெல்லாக்கா கையைத் தூக்கிவிட்டார்.

"வீட்டுல கேக்க வேண்டாமாக்கா?" என்றேன்.

"இனிமே அவரு சப்பாத்தி உருட்டட்டும்" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஊரில் நான் கொடுத்த அறிக்கைகளுக்கு ஒப்புகைச் சீட்டு தவிர வேறு பதில் வந்ததில்லை. பொறாமையாக இருந்தது, அதைவிட சந்தோஷமாக இருந்தது. நாளையிலிருந்து கொண்டுவருகிறேன் என்றாள் சீருடைப் பெண். "நாளைக்கு என்ன, இப்பவே குடு" என்று ஸ்டெல்லாக்கா குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அது எட்டி என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கியது.