அந்த இரண்டு கிலோமீட்டர்

கடையில் எல்லோரும் அவரை அங்குலம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அதே தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். ஆள் வாசற்படி ஏறும்போதே, "இடுப்பு முப்பத்தாறு. போன தடவைக்கு ரெண்டு அங்குலம் ஏறியிருக்கே?" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். டேப்பைப் போட்டுப் பார்த்தால் அதே முப்பத்தாறு இருக்கும். வந்தவர் முகம் சுருங்கிப் போகும். அங்குலத்துக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. அளவு சரியாக இருந்தால் போதும்.

மனிதர் நல்லவர். குடி கிடையாது, கடன் கிடையாது, யாரோடும் வம்புதும்பு கிடையாது. பொறாமை ஒன்றுதான். அதையும் பொறாமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார், "நியாயம்னு ஒண்ணு இல்லையா?" என்பார். பக்கத்து மேசையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவருக்கு முதலாளி ஒரு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது, அந்தக் காற்று இவர் மேலும் அடித்தது. இருந்தும் இவருக்குத்தான் ஒரு வாரம் வியர்த்தது.

இந்த லட்சணத்தில் அவருக்குச் சைக்கிள் மீட்டர் வாங்கும் ஆசை வந்தது. கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி, சக்கரக் கம்பியில் ஒரு காந்தத் துண்டு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணி, எத்தனை கிலோமீட்டர் என்று எண்ணில் காட்டும். தினமும் வேலைக்குச் சைக்கிளில் போகிறவர் அவர். வாழ்நாளில் எவ்வளவு தூரம் மிதித்திருப்போம் என்று தெரியாமலே செத்துப்போவதா என்று அவருக்குத் தோன்றியது. ஒன்று வாங்கப் போனவர் இரண்டாக வாங்கி வந்தார். மனைவியும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள்; மகள் வெளியூர்ப் படிப்புக்குப் போகும்போது விட்டுப்போன சின்னச் சைக்கிளைச் சீட்டை ஏற்றி வைத்து ஓட்டுகிறாள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதை அவர் ரசீதோடு செய்தார்.

இரண்டு மீட்டரையும் ஒரே மூச்சில் மாட்டி, ஒரே மாதிரி பொத்தானை அமுக்கிச் சரிசெய்தார். எதையும் இரட்டையாகச் செய்தால் அப்படித்தான் செய்வார். பள்ளிச் சீருடை ஆர்டர் வந்தால் எட்டுத் துணியை அடுக்கி வைத்து ஒரே வெட்டு. எட்டும் அச்சாக இருக்கும்.

அவர் கடை வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர். போக வரப் பத்து. மனைவி வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடை எதிர்த்திசையில் ஆறு. போக வரப் பன்னிரண்டு. இரண்டு வழியையும் அவரே தன் பெரிய சைக்கிளில் மிதித்து அளந்துவிட்டார். அளந்த பிறகு சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மீட்டர் வாங்கியது அவர்; தினமும் இரண்டு கிலோமீட்டர் அதிகம் ஓட்டப்போவது அவளா? எனவே முதல் நாளே நேர்வழியை விட்டு ரயில்வே கேட்டைச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனார். பதின்மூன்று. மாலையில் மார்பை முப்பத்தெட்டாக விரித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"உனக்கு எவ்வளவு வந்துது?"

"பதினாலுன்னு காட்டுது."

"பதினாலா? ஒழுங்காப் பாரு. பன்னிரண்டுதானே வரணும்?"

"நான் மிதிக்கறேன், அது எண்ணுது. எனக்கென்ன தெரியும்?" என்று அவள் வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

அவரே போய்ப் பார்த்தார். பதினான்குதான். வழியில் எங்காவது நின்றாளா என்று கேட்டார். நேராகப் போய் நேராக வந்தேன் என்றாள். மறுநாளும் பதினான்கு. அதற்கு மறுநாளும் பதினான்கு. அளவு நோட்டில் சட்டை அளவுகளுக்குப் பின்னால் ஒரு பக்கம் ஒதுக்கி, தேதி போட்டு எழுதி வந்தார். தன் பதின்மூன்று இடப்பக்கம், அவள் பதினான்கு வலப்பக்கம்.

முதல் வாரம் அது வெறும் போட்டிப் பொறாமைதான். இரண்டாவது வாரத்தில் நிறம் மாறியது. ஒரு நாள் இரண்டு கிலோமீட்டர் கூடினால் வழி தவறியது என்று சொல்லலாம். தினமும் அதே இரண்டு கூடினால் அது பழக்கம். பழக்கத்துக்கு ஒரு முகவரி இருந்தாக வேண்டும் என்று அவர் மனம் சொன்னது.

முகவரி தேட ரொம்ப நாள் ஆகவில்லை. அவள் கடைக்கு வாரம் தவறாமல் ஒரு வயலின் வாத்தியார் வருவார். வந்தால் ஒரே குறைதான், கண்ணாடியின் காதுக்கம்பித் திருகு கழன்றுவிட்டது என்பார். "இன்னைக்கும் திருகு கழண்டுடுச்சாம்" என்று அவளே சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தவர்தான். இப்போது அந்தத் திருகு அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஒரு மனிதனுக்கு வாரா வாரம் எப்படித் திருகு கழலும்? வாத்தியார் வீடு அச்சகத்துக்குப் பின்தெருவில் என்று அவள் எப்போதோ சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஞ்சருக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போய் அளந்தார். அவள் போகிற சாலையிலிருந்து அந்தத் தெரு சரியாக ஒரு கிலோமீட்டர். போக ஒன்று, வர ஒன்று. அங்கேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அளவு அத்தனை கச்சிதமாக இருந்தது.

ஒரு நாள் மாலை தலைவலி என்று சொல்லிக் கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, அவளுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனார். அவள் நேராக வீட்டுக்கு வந்தாள். மீட்டரில் பதினான்கு. அப்படியானால் காலையில் போயிருக்கிறாள். இன்னொரு நாள் காலையில் பின்தொடர்ந்தார். நேராகக் கடைக்குப் போனாள். அன்றும் பதினான்கு. அப்படியானால் மாலையில் போயிருக்கிறாள். காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். இவருக்குக் காணாததெல்லாமும் மஞ்சளாக இருந்தது. நான் பார்க்கிற நாளில், பார்க்காத வேளையில் போகிறாள், கெட்டிக்காரி என்று முடிவு கட்டினார்.

மிச்சமிருந்தது மதியம். ஒரு மதியம் கண்ணாடிக் கடைக்கு எதிரே போய், விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றார். உள்ளே வாத்தியார் உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவள் எதிரே நின்று, இரண்டு கையாலும் கண்ணாடியை அவர் முகத்தில் மாட்டி, காதுக்குப் பின்னால் விரலை விட்டு அழுத்திப் பார்த்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் சாய்ந்து அவர் முகத்தையே கூர்ந்து பார்த்தாள். கண்ணாடி கோணலாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு முப்பது முகம் பார்க்கிறாள். அது அவருக்கும் தெரியும். ஆனால் தன் முகத்தை அவள் அப்படிப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று எண்ணிப் பார்த்தவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று பிற்பகல் ஒரு கோட்டின் கையை இரண்டு அங்குலம் குட்டையாக வெட்டிவிட்டார். இருபத்திரண்டு வருடத்தில் நடக்காதது. காஜா எடுக்கிறவர் எட்டிப் பார்த்து, "என்ன மாஸ்டர், உங்க கையா இது?" என்றார். அங்குலம் துணியைச் சுருட்டி மேசைக்கு அடியில் தள்ளினார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து வைத்தார்.

"இருபத்தாறு நாள். அம்பத்திரண்டு கிலோமீட்டர் கணக்கில இடிக்குது. எங்க போய்ட்டு வர்ற?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க போறேன்னு நீங்களே எழுதியிருப்பீங்களே. சொல்லுங்க."

"அந்தத் திருகு கழண்டவன் வீட்டுக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு. அவர் முகம் சிரிக்காததைப் பார்த்து அது நின்றது. நின்ற பிறகு அவள் முகத்தில் இருந்தது கோபம்கூட இல்லை. அசந்து போயிருந்தாள்.

"அவருக்கு வயசு எழுபத்தொண்ணு. கை நடுங்குது. அதான் திருகு கழலுது." நோட்டின் இடப்பக்கத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னாள்: "ரயில்வே கேட் வழியா மூணு கிலோமீட்டர் சுத்திக்கிட்டுப் போறீங்க. அந்த வழியில உங்களைப் பார்த்ததா கீழ்வீட்டு அக்கா சொன்னாங்க. எங்க போறீங்கன்னு நான் கேட்டேனா?"

"அது வேற..."

"எப்படி வேற?"

உன்னைவிட ஒரு கிலோமீட்டராவது அதிகம் ஓட்டத்தான் சுற்றினேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? நோட்டை மூடினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் அவள் தன் சைக்கிளை வீட்டு வாசலில் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள். "உங்க டேப்பைக் கொண்டு வாங்க" என்றாள்.

"எதுக்கு?"

"எங்க கடையில முதல்ல இதைத்தான் பார்ப்போம். ஆளோட கண்ணு தப்பா, போட்டிருக்கிற கண்ணாடி தப்பான்னு. கொண்டு வாங்க."

அறுபது அங்குல டேப்; சக்கரத்தைச் சுற்ற இரண்டு தடவை வைக்க வேண்டியிருந்தது. எழுபத்தைந்து அங்குலம். பிறகு அவருடைய பெரிய சைக்கிள். எண்பத்தெட்டு. இரண்டாவது எண்ணைச் சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போய்விட்டது. மீட்டருக்குச் சக்கரத்தின் சுற்றளவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்திருந்தார். தன் சக்கரத்தை அளந்து, அதே அளவை இரண்டிலும் போட்டிருந்தார், சீருடைத் துணியை அடுக்கி வெட்டுவது போல. மகளின் சின்னச் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓடாத பதின்மூன்று அங்குலத்தைச் சேர்த்துச் சேர்த்து ஒரு நாளைக்கு இரண்டு கிலோமீட்டர் ஆக்கியிருந்தது. ஆள் இடுப்பைக் கண்ணால் அளக்கிறவர், வீட்டில் தினமும் பார்க்கிற சக்கரம் சின்னது என்பதைக் கவனிக்கவில்லை.

"தப்புதான்" என்றார். அவள் சைக்கிளை நிமிர்த்தி, கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

சுற்றளவைத் திருத்தினார். திங்கட்கிழமை அவளுக்குப் பன்னிரண்டு வந்தது. அவர் ரயில்வே கேட்டைச் சுற்றாமல் நேர்வழியில் போய்ப் பத்தோடு வந்து நின்றார். பத்தைப் பத்தென்று எழுதியபோது மனம் லேசாக இருந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தார்.

செவ்வாய்க்கிழமை அவள் பத்து நிமிடம் தாமதமாக வந்தாள். மீட்டரில் பதினான்கு.

"மறுபடி அளவு மாறிடுச்சா என்ன?" என்று அவர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"அளவெல்லாம் சரியாத்தான் இருக்கு. நான் ஓட்டாத அம்பத்திரண்டு கிலோமீட்டரை எம்மேல எழுதினீங்கல்ல? பழியைச் சுமந்தாச்சு. தூரத்தையும் ஓட்டிடலாம்னு பாக்கறேன். தினம் ரெண்டு."

"எங்க போய்ட்டு வர்ற?"

"அதை மீட்டர் சொல்லலையா?" என்றாள். குத்தலாகக்கூடச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

அதன் பிறகு அவர் கேட்கவில்லை. பின்னால் போகவும் இல்லை. முன்பு போய்ப் பட்டது போதும். ஆனால் எரிச்சல் மட்டும் குறையவில்லை. முன்பாவது திட்டுவதற்கு ஒரு வாத்தியார் இருந்தார். இப்போது யார்மேல் பொறாமைப்படுவது என்றே தெரியவில்லை. மாலையில் அவள் காற்றில் தலை கலைந்து, முகம் தெளிந்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவாள். ஏதாவது ஏரிக்கரையோ, பூங்காவோ, சும்மா ஒரு காலி ரோடோ, அது எதுவாக இருந்தாலும் அதற்குக் கிடைக்கிற இந்த முகம் தனக்குக் கிடைக்கவில்லையே என்று இருக்கும். இருபத்தாறு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு, நோட்டில் ஒவ்வொரு நாளாக அடித்து வந்தார். ஐம்பத்திரண்டு தீர்ந்ததும் அவள் பழையபடி பன்னிரண்டோடு வீட்டுக்கு வருவாள்.

இருபத்தாறாம் நாள் தீர்ந்தது. அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

இருபத்தேழாம் நாள் மாலை, அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்து வாசலிலேயே காத்திருந்தார். அவள் வந்து சைக்கிளைச் சாய்த்துவிட்டு, "டீ போடவா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனாள். அவர் குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

பதினான்கு.

சக்கரத்தைப் பார்த்தார். மீட்டரை இன்னொரு தடவை பார்த்தார். எங்கே என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்டால் சொன்னாலும் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது. நோட்டை விரித்துத் தேதி போட்டார். பேனாவை வைத்த இடத்திலேயே கை நின்றது.

"இன்னைக்கு எவ்வளவுங்க வந்துது?" உள்ளேயிருந்து அவள் கேட்டாள்.

"பன்னிரண்டு" என்றார் அங்குலம். அப்படியே எழுதியும் வைத்தார்.