சாமுவேலின் கேள்வியை நானும் கேட்டேன்

நாற்பத்தொரு நாள் என்னால் ஜெபிக்க முடியவில்லை. எனக்கு வயது எழுபத்தாறு. திருவொற்றியூரில் எங்கள் சபைக்குப் பத்தொன்பது வருடம் செயலாளராக இருந்தவன். முழங்காலில் நின்றால் வார்த்தை வரவில்லை. இரத்த அழுத்தம் மட்டும் ஏறியது.

காரணம் நானே. போன ஜூன் மாதம், நான் பதவி விலகிய ஞாயிறன்று, ஆலயத்தில் ஆறு பேர் என்னைப் பாராட்டிப் பேசினார்கள். ஏழாவதாக நான் எழுந்தேன். முதிர்வயதில் சாமுவேல் தீர்க்கதரிசி ஜனங்கள் முன் நின்று, தான் யாருக்காவது அநியாயம் செய்ததுண்டா என்று கேட்ட பகுதியை வாசித்தேன். நானும் அப்படியே கேட்டேன். இல்லை என்று ஜனங்கள் அவருக்குச் சொன்ன பதில் எனக்கும் கிடைக்கும் என்றுதான் நினைத்தேன்.

பெண்கள் பக்கம் எட்டாவது வரிசையில் எஸ்தர் எழுந்தாள். மணலியில் டேங்கர் லாரி ஓட்டிய தேவராஜின் மனைவி. அவன் இறந்த பிறகு அன்றுதான் ஆலயத்துக்கு வந்திருந்தாள்.

"எனக்குச் செஞ்சிகீறய்யா. என் வூட்டுக்காரர வெக்க எடம் இல்லன்னுட்ட."

உண்மைதான். எங்கள் சபையில் தொடர்ந்து பன்னிரண்டு மாதம் திருவிருந்துக்கு வராதவர் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்குவோம். பெயர் இல்லாதவருக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. வருகையைக் குறித்தவன் நான். தேவராஜ் பதினான்கு மாதம் வரவில்லை. ஞாயிறுகளில் அவன் லாரியோடு ஆந்திரா பக்கம் இருந்திருக்கிறான். நான் ஒருமுறைகூட வீட்டுக்குப் போய் விசாரிக்கவில்லை. அவன் இறந்த அன்று வந்து நின்ற எஸ்தரிடம் பட்டியலை எடுத்துக் காட்டினேன். உடலை மாநகராட்சி மயானத்தில் புதைத்தார்கள்.

காணாமற்போன ஆட்டைத் தேடிய மேய்ப்பனைப் பற்றி ஞாயிறு பள்ளியில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அவன் ஆடுகளை எண்ணியது தேடிப் போவதற்கு. நான் ஆட்களை எண்ணியது நீக்குவதற்கு.

நாற்பத்திரண்டாம் நாள் காலை ஒரே வாக்கியம் வந்தது. ஆண்டவரே, அவளிடம் என்னைக் கொண்டுபோய் விடும். அவ்வளவுதான். பதினொரு மணிக்கு எஸ்தரே போன் செய்தாள். மறுநாள் தேவராஜுக்கு வருட நினைவு, போதகர் ஊரில் இல்லை, நீ வந்து ஜெபம் பண்ணு என்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. அந்த மயானத்துல லிஸ்டெல்லாம் கெடையாது, பயப்படாம வா."

போனேன். அவனைப் புதைத்த மேட்டின் மேல் புல் மண்டியிருந்தது. முழங்காலிட்டு, நான் செய்த தவறைத் தேவராஜின் பெயர் சொல்லியே ஆண்டவரிடம் அறிக்கையிட்டேன். அழுதேன். எழுந்திருக்கத் தடுமாறியபோது எஸ்தர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கே தேவனுக்கு ஸ்தோத்திரம் செலுத்துகிறேன். தேவராஜ் அங்கேதான் கிடக்கிறான். அதை என்னால் மாற்ற முடியாது.

இப்போது திங்கள்தோறும், ஆராதனைக்கு வராதவர்கள் வீட்டுக்குப் போகிறேன். இதுவரை இருபத்து மூன்று வீடுகள். இரண்டு வீடுகளில் கதவு திறக்கவில்லை. விதியை மாற்றச் சொல்லிப் புதிய கமிட்டிக்கு எழுதியிருக்கிறேன்; பதில் வரவில்லை.

பிரியமானவர்களே, உங்கள் கையில் நாலு பேருக்கான பொறுப்பு இருந்தால், பதவி முடியும்வரை காத்திருக்காமல் இன்றே அவர்கள் வாசலுக்குப் போய்க் கேளுங்கள். போகக் கால் வரவில்லையா? அதையே ஜெபமாகச் சொல்லுங்கள். அவர் கேட்கிறார்.