அண்ணன் எழுந்து வந்த பந்தி

இன்று எங்கள் இல்லம் நாடி வந்து இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர்க்கும், என் அண்ணனாரோடு பந்தாடிய நண்பர்களுக்கும் வணக்கம். அவர் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இனியவற்றை மட்டும் எழுதுமாறு சிலர் கேட்டுக்கொண்டனர். நான் நடந்தவற்றை எழுதத் துணிந்துள்ளேன்.

அண்ணனார் ஆரணியில் பட்டு நெசவுக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். தந்தையார் விரைவில் காலமாகிவிடவே, பள்ளியை விட்டுத் தறிக்குழியில் இறங்கினார். என்னை வளர்த்ததும் தங்கையரை மணமுடித்துக் கொடுத்ததும் அத்தறியே. நாள் முழுதும் மிதிகட்டையை மிதித்த அவர் கால்கள் மாலையில் சும்மா இருக்க மறுத்தன. எழுபதுகளின் தொடக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டிய பொட்டலில் முள் வெட்டி, மேடு கொத்தி, மூங்கிலைக் கோல் கம்பமாக நட்டு, நம் கால்பந்துக் கழகத்தைத் தொடங்கியவர் அவரே.

முதல் ஆட்டக்காரர்களில் ஏழுமலை ஒருவரைத் தவிர எல்லோரும் நெசவாளர் பிள்ளைகள். ஏழுமலை பொட்டலுக்கு அப்பால் காலனியில் வாழ்ந்த கூலிக் குடும்பத்தவர். அவருடைய கைகளைக் கண்ட அன்றே அண்ணனார் அவரைக் கோல்கீப்பராக்கினார். சீருடை வாங்க வசதியில்லாததால், பட்டுக்கு ஏற்றியபின் தொட்டியில் மிஞ்சிய அரக்குச் சாயத்தில் பருத்தி பனியன்களை முக்கியெடுத்தோம். பட்டுச் சாயம் பருத்தியில் நிற்காதென்பது எங்களுக்குத் தெரியாததன்று. வியர்த்ததும் வழிந்து எல்லோர் உடம்பையும் ஒரே நிறமாக்கிவிடும்.

"இன்னாடா இது, சாயப் பட்டறையே எழுந்து ஓடியாருது!" என்று சந்தவாசல் ஆட்டக்காரர்கள் சிரித்தனர்.

சில ஆண்டுகளில் பட்டு முதலாளி ஒருவர் கழகத்தின் தலைவரானார். நல்ல சீருடையும் தோல் பந்தும் தந்தார், மறுப்பதற்கில்லை. எங்களில் பெரும்பாலோர் நெய்ததும் அவர் கொடுத்த பாவு நூலைத்தான். அவ்வாண்டு வட்டாரக் கோப்பையை வென்றோம். இறுதி ஆட்டத்தில் ஒரு கோலும் விடாமல் காத்தவர் ஏழுமலை. முதலாளி தம் வீட்டில் விருந்து வைத்தார்.

கூடத்தில் நாங்கள் இலைமுன் அமர்ந்தபோது, கணக்குப்பிள்ளை ஏழுமலையிடம் வந்தார்.

"நீ கொல்லப்பக்கம் வாப்பா. உனக்கு அங்க எல போட்டுகிது."

அண்ணனார் முதலாளியைப் பார்த்தார். "இன்னாங்க இது? கோப்பைய வாங்கிக் குடுத்தவனே அவன்தாங்க."

"ஆட்டம் வேற, வூடு வேறப்பா. பேஜார் பண்ணாம சாப்புடு."

"அப்போ நானும் ஆட்டத்தோடயே நின்னுக்கறேங்க" என்று அண்ணனார் எழுந்தார். நானும் எழுந்தேன். மற்றவர்கள் தத்தம் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தெருவுக்கு வந்ததும் ஏழுமலைதான் முதலில் வாய் திறந்தார். "ஏண்ணா, பாயசம் வாசன வந்துகினு இருந்துச்சேண்ணா. ஒரு வாய் குடிச்சிட்டு ரோசப்பட்டிருக்கக் கூடாதா?"

மூவரும் பேருந்து நிலையத்தில் புரோட்டா தின்றோம்.

அந்த வாரமே எங்கள் மூவரையும் கழகத்திலிருந்து நீக்கினர். முதலாளி எங்கள் வீட்டுக்குப் பாவு கொடுப்பதை நிறுத்தினார். அதன்பின் அண்ணனார் வெளியூர்த் தறிகளில் கூலிக்கு நெய்தே காலம் தள்ளினார். தாம் கொத்திச் சமன்செய்த பொட்டலைத் தாண்டித்தான் பேருந்துக்குப் போவார், திரும்பியும் பார்க்கமாட்டார். ஏழுமலையைத் தவிர, அவர் சேர்த்த ஆட்டக்காரர் ஒருவரும் எங்கள் வாசலுக்கு வரவில்லை. அவர்களுடைய பாவு முதலாளியிடம் இருந்ததை அறிவேன். வாய் அவர்களிடம்தானே இருந்தது! கழகத்தின் புதுப் பெயர்ப்பலகையில் நிறுவனர் என்று முதலாளியின் பெயர் ஏறியது.

நுரையீரல் நோய்க்காக அண்ணனார் வேலூருக்குப் போய்வந்த கடைசி மாதங்களில், அந்தத் தடத்தில் நடத்துநராகிவிட்ட ஏழுமலை, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையை அவருக்காகக் காத்துவைத்தார்.

அண்ணனார் மறைந்த அன்று கழகத்தார் கொடியோடு வந்தனர். "ஆரம்பிச்சவரே அவருதானுங்களே, போத்தணும்ங்க" என்றார் ஒருவர்.

அண்ணி நிமிர்ந்தார். "இத்தினி வருசமா பலகையில எடமில்லாத மனுசனுக்கு இப்போ கொடி எதுக்கு? எடுத்துகினு போங்க."

கொடி திரும்பிப் போயிற்று. பாடையின் முன்புறம் என்னோடு தோள் கொடுத்தவர் ஏழுமலை.

மருத்துவமனையில் உடனிருந்த தங்கையர்க்கும், இறுதி நாளில் துணைநின்ற தெருவாசிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. ஏழுமலைக்கு நன்றி என்று எழுதினால் கோபித்துக்கொள்வார், எழுதவில்லை. இம்மலரைப் பெறும் அனைவரும் இருந்து உணவருந்திச் செல்ல வேண்டுகிறோம். அன்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்த நண்பர்களும் வரலாம். பந்தி ஒன்றே. முதல் இலை ஏழுமலையுடையது. பாயசம் உண்டு. கொல்லையில் இலை போடவில்லை.