வகுப்பறை வாசலில் என் செருப்பு

போன கிழமை முழுக்க என் செருப்பு வைத்த இடத்தில் இருக்கவில்லை.

காணாமல் போயிருந்தால் பிரச்சினையே இல்லை. செருப்பைப் பறிகொடுப்பது நமக்கு என்ன புதிதா? கோயில் திருவிழாக்களில் எத்தனை சோடி போயிருக்கிறது! ஆனால் இது காணாமல் போகவில்லை. காலையில் வகுப்பறைப் படிக்குப் பக்கத்தில் கழற்றி வைக்கிறேன். மதியம் வந்து பார்த்தால் விறாந்தைத் தூணுக்குப் பின்னால், சோடி பிரியாமல், ஒழுங்காக இருக்கிறது. யார் வைத்தது? எதற்கு? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

என் செருப்புக்கு வகுப்பறை வாசலில் என்ன வேலை என்று நீங்கள் கேட்பதற்குள் முழுக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் ஜெனிற்றா இந்த வருடம்தான் முதலாம் தரத்தில் சேர்ந்தாள். மனைவிக்கு உயிலங்குளத்தில் வேலை. விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஏறிவிடுவாள். ஆகவே தலை பின்னுவது முதல் பள்ளியில் விடுவது வரை எல்லாம் என் தலையில். இங்கே மன்னார் டவுனில் நான் வேலை பார்க்கும் கந்தோர் பக்கத்திலேயே இருக்கிறது, இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன்.

பெற்றோர் கூட்டத்திலேயே குழப்பம் தொடங்கிவிட்டது.

"முதல் கிழமை பிள்ளையோட வாங்கோ. ஆனா வகுப்புக்குள்ள நிக்க வேண்டாம்" என்றார் வகுப்பாசிரியை. தலையாட்டினோம். "உடனே போயிடவும் வேண்டாம். பிள்ளை தேடும்." அதற்கும் தலையாட்டினோம். "ஆனா ஜன்னலுக்கால எட்டிப் பாக்கக் கூடாது."

உள்ளே நிற்கக் கூடாது, வெளியே போகக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது... அப்படியென்றால் நாங்கள் எங்கேதான் இருப்பது? பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அவர் என்னிடமே திருப்பிக் கேட்டார்.

சாப்பாட்டுப் பெட்டி வாங்கியதும் ஒரு கதை. எறும்பு போகாது, குழம்பு சிந்தாது என்று கடைக்காரர் புகழ்ந்த பெட்டியையே வாங்கினேன். உண்மைதான், எறும்பும் போகவில்லை, குழம்பும் சிந்தவில்லை. மகளுக்கும் திறக்க முடியவில்லை. பசியோடு வந்தாள். அடுத்த வருடம் பிள்ளையைச் சேர்க்கப்போகிறவர்களே, பெட்டியைக் கடையிலேயே பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். தண்ணீர்ப் போத்தலில் பெயர் மட்டும் எழுதினால் போதாது. இரண்டு முறை கழுவினால் போய்விடும். மன்னாரில் ஒரு நிறப் போத்தல் கடைக்கு வந்தால் வகுப்பு முழுக்க அதே போத்தல்தான். நான் பச்சை வலைக்கயிற்றுத் துண்டொன்றைப் போத்தலின் கழுத்தில் கட்டிவிட்டேன். அதற்குப் பிறகு மாறவில்லை. சப்பாத்துக்கு லேஸ் வேண்டாம், ஒட்டுகிறதை வாங்குங்கள். முதலாம் தரத்தில் பாயில் இருத்தித்தான் படிப்பிக்கிறார்கள். நாளுக்கு எத்தனை தரம் கழற்றி மாட்டுவது?

இதெல்லாம் சமாளித்துவிடலாம். அழுகையை என்ன செய்வது?

ஜெனிற்றா என் சட்டையைப் பிடித்தால் விடமாட்டாள். சத்தம் போட்டு அழுகிற பிள்ளை இல்லை. விக்கி விக்கி அழுது, கடைசியில் சத்தியெடுத்துவிடுவாள். மற்றப் பிள்ளைகளெல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிட்டார்கள். இவள் மட்டும் பழகவில்லை. நான் பள்ளி மரத்தடியில் காத்திருந்து காத்திருந்தே லீவு முடிந்துவிட்டது. இனி லீவு இல்லை என்று கந்தோரில் கையை விரித்துவிட்டார்கள். "நான் வேலைய விடட்டோ?" என்று மனைவி கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. நிதானமாகக் கேட்டாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வழி சொன்னவர் பௌசியா. அவருடைய மகனும் அதே வகுப்பு. மூத்த பிள்ளைகள் இருவரை இதே பள்ளியில் சேர்த்துக் கரைகண்டவர்.

"அண்ணன், செருப்ப வாசல்ல விட்டுட்டுப் போங்க. புள்ள எட்டிப் பாத்தா செருப்பு தெரியும். வாப்பா இங்கதான் இருக்காருன்னு இருந்துக்கும்."

"அப்ப நான் எப்பிடிப் போறது?"

அவர் தன் கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே இன்னொரு சோடி!

என்னிடம் இன்னொரு சோடி இருக்கவில்லை. அன்றைக்கு வெறுங்காலோடு மோட்டார் சைக்கிள் ஓடிக் கந்தோருக்குப் போனேன். "என்ன, நேர்த்திக்கடனோ? தவக்காலம் இன்னும் தொடங்கேல்லையே" என்றார் பக்கத்து மேசைக்காரர். ஓம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்னத்தைச் சொல்வது?

ஆனால் மதியம் போனால்... பிள்ளை அழவில்லை! ஆசிரியையே வியந்தார். அடுத்த நாளும் அழவில்லை. நான் குளியலறைச் செருப்பொன்றை மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டுக்கொண்டேன். காலையில் நல்ல செருப்பைப் படியில் வைப்பேன். திரும்பி வந்ததும் மற்றதை ஒளித்துவிட்டு, சுடு மணலில் துள்ளித் துள்ளிப் போய் நல்லதை மாட்டிக்கொண்டு, அங்கேயே இருந்தவன் போல நிற்பேன். வீட்டில் வேலையை விடுகிற பேச்சு அடங்கியது.

அந்த நிம்மதியில்தான் செருப்பு இடம் மாறத் தொடங்கியது.

முதலில் கழுதைகளைச் சந்தேகித்தேன். நம்மூர்க் கழுதைகள் நிழல் தேடி எங்கும் வரும். ஆனால் செருப்பைச் சோடியாக அடுக்கி வைக்கிற கழுதையை நான் கண்டதில்லை. காற்று? மற்றவர்களின் செருப்பு அசையாமல் கிடக்கிறதே! பௌசியாவிடம் கேட்டேன். "எனக்கு என்ன தெரியும்?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் குழப்பியது.

வெள்ளிக்கிழமை கொஞ்சம் முந்திப் போய், மதிலோரம் நின்று பார்த்தேன்.

தண்ணீர் குடிக்கப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஜெனிற்றா நேரே படியடிக்கு வந்தாள். என் செருப்பைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டையும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டுபோய்த் தூணின் நிழலில் வைத்தாள். சுற்றும் முற்றும் பார்க்கவில்லை. என்னைத் தேடவும் இல்லை. பச்சைக் கயிறு கட்டிய போத்தலில் தண்ணீரைக் குடித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பள்ளி விடும்வரை நான் மதிலோரத்திலேயே நின்றேன்.

வீடு போகும் வழியில் கேட்டேன். "ஏன் பிள்ளை செருப்பை மாத்தி வைக்கிறனீங்கள்?"

"வெயில்ல சூடாகும் எல்லோ. நீங்கள் வந்து போடேக்க கால் சுடும்."

"நான் அங்கதானே இருக்கிறனான்..."

"இல்ல. நீங்கள் கந்தோருக்குப் போறனீங்கள். எனக்கு முதல் நாளே தெரியும்."

சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டேன். பிள்ளையை ஏமாற்றுகிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்க, யார் யாரை ஏமாற்றியது?

"அப்ப ஏன் அழேல்ல?"

இதுகூடத் தெரியாதா என்பது போல என்னைப் பார்த்தாள். "செருப்பை எடுக்க வரத்தானே வேணும்?"

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தேன். இனி இந்த நாடகம் வேண்டாம், நேர்மையாகவே சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். திங்கட்கிழமை காலை வகுப்பறை வாசலில் குனிந்து சொன்னேன்: "அப்பா கந்தோருக்குப் போட்டு மத்தியானம் வாறன், சரியோ?"

"ஓம், போட்டு வாங்கோ" என்றாள், அழாமல். நான் செருப்பைக் கழற்றாமலே நிம்மதியாகத் திரும்பி இரண்டு எட்டு வைத்தேன்.

"அப்பா... செருப்பு!"